இல்லை என்று அழுத்தியவர்

அந்த அலுவலகத்துக்குள் நுழைந்ததும் நான் செய்த முதல் துப்பறியும் வேலை, இருமியது. சும்மா தொண்டையைச் செருமவில்லை. கண்ணாடிக் கதவு அதிரும்படி நாலு தடவை இருமினேன். அறுபது பேர் உட்கார்ந்திருந்த கூடத்தில் ஒரு தலைகூட நிமிரவில்லை. இரண்டு மேஜை தள்ளி 'இருமல், சளி' என்று அட்டை வைத்திருந்த பெண்கூடக் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றாமல் தட்டிக்கொண்டே இருந்தாள்.

"இங்க செத்தாலும் ஈமெயில்லதான் சொல்லணும் போல, அண்ணி" என்றேன்.

"அதையும் யாராவது திறந்து பார்த்தாத்தான்" என்றார் அண்ணி.

துப்பறிவது அண்ணி. கூடவே போய் வாயடிப்பது நான். என் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டவர் அவர். அண்ணன் நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு தோள்பையோடு, வேலை விஷயமாகப் போகிறேன் என்று கிளம்பியவன், திரும்பவில்லை. ஊரில் தொலைந்தவர்களையெல்லாம் தேடிக் கொடுக்கிற அண்ணி அவனை மட்டும் ஒரு நாளும் தேடவில்லை. ஏன் என்று நானும் கேட்டதில்லை. ஒரே கட்டடத்தில் மேல்மாடியில் அவர், கீழ்மாடியில் நான். காலையில் படியில் சந்தித்தால் கேஸைப் பற்றிப் பேசுவோம், வேறெதுவும் பேசுவதில்லை.

இது இணையத்தில் உடல்நலத் தகவல் தருகிற நிறுவனம். தலைசுற்றுகிறது, பாதம் எரிகிறது என்று யாராவது போனில் தட்டித் தேடினால் வந்து நிற்கிற பக்கங்களை எழுதுவது இவர்கள்தான். ஆளுக்கொரு உறுப்பு, இல்லாவிட்டால் ஆளுக்கொரு நோய். யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "சிறுநீரகம் இன்னிக்கு லீவு. முழங்கால் கான்டீன் போயிருக்கு" என்று வரவேற்பு மேஜைப் பெண் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் மாதம் எல்லா நோயும் வருமாம், இரண்டாவது மாதம் தன் மேஜை நோய் மட்டும் வருமாம், அப்புறம் எதுவுமே உறைக்காதாம்.

சுவரில் ஒரு பெரிய திரை. 'இப்போது படித்துக்கொண்டிருப்பவர்கள்: 11,408' என்று காட்டியது. நான் பார்க்கும்போதே அது 11,412 ஆனது. பதினோராயிரம் பேர் இந்த நிமிஷத்தில் எங்கெங்கோ தனித்தனியாக உட்கார்ந்து தங்கள் வலியைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். நினைத்தால் வயிற்றைப் பிசைந்தது. வயிறு மேஜை எங்கே இருக்கிறது என்று கேட்கலாமா என்று யோசிப்பதற்குள் எடிட்டர் எங்களை உள்ளே கூப்பிட்டுவிட்டார்.

எடிட்டர் சுற்றி வளைக்கவில்லை. ஐந்து மாதமாக யாரோ பக்கங்களைத் திருத்துகிறார்கள். ஏறக்குறைய நாற்பது பக்கங்கள். ஒவ்வொரு பக்கத்தின் கீழும் 'மருத்துவரால் பரிசீலிக்கப்பட்டது' என்று முத்திரை இருக்கும். முத்திரை விழுந்த பிறகு ஒரு வார்த்தையை மாற்றினாலும் பக்கம் மறுபடி மருத்துவரிடம் போக வேண்டும். இந்த ஆள் போகவிடாமல் கமுக்கமாக வரி சேர்க்கிறான். படித்த ஒருத்தருக்கு ஏதாவது ஆகிவிட்டால் நிறுவனத்துக்கு மூடுவிழாதான். போட்டி நிறுவனத்து ஆள் ஒருவன் உள்ளே புகுந்திருக்கிறான் என்பது எடிட்டரின் கட்சி. ஆளைக் காட்டுங்கள், இன்றைக்கே வீட்டுக்கு அனுப்புகிறேன் என்றார்.

பக்கங்களைத் திருத்தும் இடத்துக்குள் நுழைய ரகசியச் சொல் என்று ஒன்று இருக்குமே என்று நான் கேட்டேன். இருக்கிறது, அறுபது பேருக்கும் ஒன்றேதான். மறந்துவிடக் கூடாது என்று காபி மெஷின் மேல் மஞ்சள் சீட்டில் எழுதி ஒட்டியிருக்கிறார்களாம். வீட்டைப் பூட்டிச் சாவியைப் பூட்டிலேயே விட்டுவைக்கிற ஜாதி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

திருத்திய பக்கங்களைப் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தார். அண்ணி ஒவ்வொன்றாகப் படித்து என் பக்கம் தள்ளினார்.

தூக்கமின்மைப் பக்கத்தில், 'படுக்கும் முன் குடும்பத்தினருடன் சற்று நேரம் பேசுங்கள்' என்பதை அடுத்து ஒட்டியிருந்த வரி: 'தனியாக இருப்பவர்கள் வானொலியைக் குறைந்த ஒலியில் வைத்துக்கொள்ளலாம். செய்தி வேண்டாம், பாட்டு நல்லது.'

முதுகுவலிப் பக்கத்தில்: 'தைலம் தேய்த்துவிட ஆள் இல்லையென்றால் நீளக் கரண்டியின் காம்பில் துணியைச் சுற்றித் தேய்க்கலாம். அந்தக் கரண்டியை அப்புறம் சமையலுக்கு எடுக்காதீர்கள்.'

மாட்டிக்கொடுத்தது கடைசிப் பக்கம். வீட்டில் வழுக்கி விழுவதைப் பற்றியது. விழுந்தால் எழ முயலாமல் வீட்டில் உள்ளவர்களைக் குரல் கொடுத்து அழையுங்கள் என்று இருந்ததன் கீழே இப்படிச் சேர்த்திருந்தது: 'தனியாக வசிப்பவர்கள் குளியலறையில் தரையோரம் ஒரு பாட்டில் தண்ணீர் எப்போதும் வைத்திருங்கள். வீட்டுச் சாவி ஒன்றைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வையுங்கள். அவர் பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. கதவைத் தட்டி, நான் பக்கத்து வீடு என்று சொன்னால் போதும்.' கடைசி வரியைப் படம் பிடித்து யாரோ ஊரெல்லாம் அனுப்பிச் சிரித்திருக்கிறார்கள். அப்படித்தான் எடிட்டர் காதுக்கு வந்தது. போன வியாழக்கிழமை எல்லாத் திருத்தங்களையும் அவரே உட்கார்ந்து நீக்கிவிட்டாராம்.

"கெடுக்க வந்த ஆள் கரண்டியைச் சமையலுக்கு எடுக்காதேன்னு எச்சரிக்க மாட்டான் அண்ணி" என்றேன் வெளியே வந்ததும்.

"இதெல்லாம் பதில், தம்பி. ஒண்ணொண்ணும் யாருக்கோ சொன்ன பதில். இந்த ஆபீஸ்ல கேள்வி எங்க வந்து விழுதுன்னு பாரு."

பார்த்தேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு பெட்டி இருந்தது. 'இந்தப் பக்கம் உங்களுக்கு உதவியதா?' என்ற கேள்வி, 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு பொத்தான், கீழே ஏதாவது எழுத ஒரு கட்டம். அதில் வந்து விழுவதைப் படிப்பதற்கென்றே ஓர் அம்மாள் இருக்கிறார் என்று முழங்கால் மேஜைக்காரர் சொன்னார். லிஃப்ட் மோட்டார் ஓடுகிற அறையை ஒட்டிய மூலையில் உட்கார்ந்திருப்பார். அவரையும் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. அவருக்கு வைத்த பெயர் 'பெட்டி'.

பெட்டிக்கு ஐம்பது வயதிருக்கும். ஒரு நாளைக்கு எண்ணூறு கருத்து படிப்பார். எத்தனை ஆம், எத்தனை இல்லை என்று வாரக் கடைசியில் ஒரு சதவீதம் போட்டு மேலே அனுப்புவார். எழுதியிருப்பதை அவரைத் தவிர வேறு யாரும் படிப்பதில்லை. தலைக்கு மேல் ஒரு தாள் ஒட்டியிருந்தது: 'கருத்துகளுக்குப் பதில் எழுதக் கூடாது.' லிஃப்ட் போகும்போதெல்லாம் அந்தத் தாள் லேசாக ஆடியது.

அண்ணி எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, வந்த காரணத்தைச் சொல்லாமல் ஒன்றே ஒன்று கேட்டார். "கரண்டி யோசனை உங்களோடதா?"

பெட்டி எங்கள் இருவரையும் பார்த்தார். "எங்க வீட்டுக் கரண்டி" என்றார். "ஆறு வருஷமா எனக்கு முதுகு தேய்ச்சு விடறது அதுதான்."

வந்து இருபது நிமிஷத்தில் கேஸ் முடிந்துவிட்டது. காபி குடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று நான் எழுந்தே விட்டேன். பெட்டி ஒன்றையும் மறுக்கவில்லை. பதில் எழுதக் கூடாது என்றுதானே விதி, நான் பதில் எழுதவில்லையே, பக்கத்தைத்தானே திருத்தினேன் என்று மட்டும் சொன்னார். சொல்லும்போதே அது எடுபடாது என்று அவருக்கும் தெரிந்திருந்தது. பிறகு அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னை வீட்டுக்கு அனுப்பறதுன்னா அனுப்பட்டும். ரெண்டு நாள் கழிச்சு அனுப்பச் சொல்லுங்க. ஒருத்தர் வெள்ளிக்கிழமையிலேர்ந்து எழுதலை. நான் போயிட்டா அவர் எழுதலைங்கறதே யாருக்கும் தெரியாது."

அவர் யார் என்று பெட்டிக்குத் தெரியாது. பெயர், ஊர் எதையும் அந்தக் கட்டம் கேட்பதில்லை. ஆனால் அவர் எழுத்து பெட்டிக்கு மனப்பாடம். எப்போதும் 'இல்லை' என்றுதான் அழுத்துவார். திட்டிவிட்டு நன்றி சொல்கிற ஒரே ஆள். பெட்டி அவருக்கு 'இல்லைக்காரர்' என்று பெயர் வைத்திருந்தார். ஐந்து மாதத்தில் நூற்று நாற்பது கருத்து. ஞாயிற்றுக்கிழமைகளில்தான் அதிகம். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் கையால் எழுதி வைத்திருந்தார்.

'இல்லை. குடும்பம் இல்லாதவர் சுவரோடு பேசுவதா? நன்றி.' இது தூக்கமின்மைக்கு. பெட்டி வானொலி வரியைச் சேர்த்ததும் மறுநாளே அடுத்தது வந்திருக்கிறது: 'இல்லை. செய்தி இல்லாமல் எப்படி? பாட்டு சரி. நன்றி.' முதுகுவலிக்கு: 'இல்லை. தேய்த்துவிட ஆள் இருந்தால் நான் ஏன் இதைப் படிக்கிறேன்? நன்றி.' வழுக்கி விழுவதற்கு இரண்டு. 'இல்லை. குரல் கொடுத்தால் யார் கேட்பது? நன்றி.' பெட்டி தண்ணீர் பாட்டிலையும் சாவியையும் சேர்த்த பிறகு, 'இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் பெயரே தெரியாது. நன்றி.' ஊர் சிரித்த அந்தக் கடைசி வரி அதற்குப் பெட்டி சொன்ன பதில்.

ஒரு நிறுவனத்தின் நாற்பது பக்கங்களைத் தபால் மாதிரி வைத்துக்கொண்டு இரண்டு பேர் ஐந்து மாதம் பேசியிருக்கிறார்கள், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல். கடைசிக் கருத்து வெள்ளி மாலை ஆறு மணிக்கு வந்தது. குழந்தைகளுக்கான தடுப்பூசிப் பக்கத்தின் அடியில்: 'இல்லை. இன்று எழுத ஒன்றும் இல்லை. சும்மா அழுத்தினேன். நன்றி.'

இன்று திங்கள்.

திருத்தங்களை எடிட்டர் வியாழன் நீக்கினார். போன வாரம் வரை பதில் சொன்ன ஆள் திடீரென்று காணாமல் போனதாக இல்லைக்காரர் நினைத்திருப்பார் என்பது பெட்டியின் பயம். "என்னாலே ஏதாவது ஆயிடுச்சோ" என்று இரண்டு தடவை சொன்னார்.

அண்ணி நோட்டை எடுத்துக்கொண்டு பெட்டியையும் கூட்டிக்கொண்டு எடிட்டர் அறைக்குப் போனார். பட்டியல் சரிபார்க்க இந்த அம்மாள் உதவுகிறார் என்றார். பொய்யும் இல்லை. எந்தப் பக்கம் எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு வெளிவந்தது என்ற பட்டியலை எடிட்டரிடம் வாங்கினார். நான் நோட்டிலிருந்து கருத்து வந்த நேரத்தைப் படிக்க, அண்ணி பக்கம் வெளியான நேரத்தைப் படித்தார். காய்கறி லிஸ்ட் சரிபார்ப்பது போல அரை மணி நேரம் போனது. அப்புறம் அண்ணியின் விரல் நின்றது.

வழுக்கி விழும் பக்கம் வெளிவந்தது செவ்வாய் மாலை நாலு மணி. 'குரல் கொடுத்தால் யார் கேட்பது' வந்தது அதற்கு முந்தின நாள், திங்கள் காலை பத்தே முக்கால்.

"படம் ரிலீஸ் ஆகறதுக்கு முன்னாடியே விமர்சனம் வந்திருக்கு" என்றேன்.

ஒன்றில்லை, பதினொரு பக்கத்துக்கு அப்படி வந்திருந்தது. பெட்டிக்கு இது தெரிய வழியில்லை. பக்கம் எப்போது வெளியாகிறது என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை. வெளியாகும் முன் ஒரு பக்கத்தை யார் யார் பார்க்க முடியும் என்று அண்ணி கேட்டார். மூன்றே பேர் என்றார் எடிட்டர். எழுதியவர், அவர், மருத்துவர். மூன்று பேருக்கும் பக்கம் வாசகர் பார்ப்பது போலவே தெரியும், அடியில் உள்ள பெட்டி உட்பட.

இந்தப் பதினொன்றையும் எழுதியவர் எலும்பு மேஜைக்காரர். அவர் வீட்டில் எட்டு பேர். அமைதிக்காகவே ஆபீஸுக்கு வருகிறவர் என்று பெயரெடுத்தவர். எடிட்டரைப் பார்த்து, நீங்கள் சுவரோடு பேசுவீர்களா சார் என்று நான் மரியாதையாகக் கேட்டேன். அவர் முகம் போன போக்கில், இல்லை என்று எடுத்துக்கொண்டேன். பாக்கி ஒருத்தர்தான்.

மருத்துவரை அந்த அலுவலகத்தில் யாரும் பார்த்ததில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், ஐந்து வருஷத்துக்கு முன் போனிலேயே பேசிச் சேர்த்துக்கொண்டது. வீட்டிலிருந்தே பக்கங்களைப் படித்து முத்திரை போடுகிறவர். அவருக்கு வைத்த பெயரும் 'முத்திரை'தான். அவருக்கு ஏதாவது சொல்லத் தோன்றினால் எங்கே எழுதுவார் என்று அண்ணி கேட்டார். எடிட்டர் அவருடைய திரையைக் காட்டினார். 'சரி', 'திருப்பி அனுப்பு' என்று இரண்டு பொத்தான். முன்பு ஒரு கட்டம் இருந்ததாம். டாக்டர்கள் கதை எழுத ஆரம்பிப்பார்கள், தாமதமாகும் என்று எடுத்துவிட்டார்களாம்.

"மேல சரி போட்டுட்டு, கீழ வந்து இல்லைன்னு அழுத்தியிருக்காரு" என்றேன்.

பெட்டி நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். ஐந்து வருஷமாக ஒவ்வொரு பக்கத்திலும் அந்த முத்திரையைப் பார்த்திருக்கிறார். அதற்குப் பின்னால் ஓர் ஆள் இருப்பதாக அவருக்கு ஒரு நாளும் தோன்றியதில்லையாம்.

எங்களுக்கு எதற்கு இந்த விசாரணை என்று எடிட்டருக்குப் புரியவில்லை. ஆனால் ஒரு நல்ல சேதி சொன்னார். முத்திரைக்கு ஒன்றும் ஆகவில்லை, நன்றாகத்தான் இருக்கிறார். ஞாயிறு முழுக்க முத்திரை வந்தது, இன்று காலைகூட நாலு பக்கத்துக்கு வந்துவிட்டது. பெட்டி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் மூச்சு வந்தது. ஆள் கோபித்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

அண்ணி மட்டும் அந்த முத்திரைப் பட்டியலைத் திறக்கச் சொன்னார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தம்பி, இதைப் படி."

படித்தேன். வெள்ளிக்கிழமை மூன்றே காலுக்கு அனுப்பிய பக்கத்துக்கு ஐந்தே முக்காலுக்கு முத்திரை. அதற்கு முந்தினது இரண்டு மணி நேரத்தில், அதற்கும் முந்தினது நாற்பது நிமிஷத்தில். ஒன்று போல ஒன்று இல்லை. சனிக்கிழமை ஒன்பது ஐந்துக்கு அனுப்பியதற்கு ஞாயிறு ஒன்பது ஐந்துக்கு முத்திரை. சனி பதினொன்று பதினேழுக்கு அனுப்பியதற்கு ஞாயிறு பதினொன்று பதினேழு. அப்புறம் எல்லாமே அப்படித்தான், நிமிஷம் பிசகாமல் ஒரு நாள் கழித்து.

"மனுஷன் இப்படி அமுத்த மாட்டான் சார்" என்றார் அண்ணி.

எடிட்டர் முகம் வெளுத்துவிட்டது. ஒரு நாள் முழுக்க மருத்துவரிடமிருந்து ஒன்றும் வரவில்லையென்றால் 'சரி' என்று தானாக விழும்படி வைத்திருக்கிறார்கள். வேலை தேங்கக் கூடாது என்று செய்த ஏற்பாடு. ஐந்து வருஷத்தில் ஒரு தடவைகூட அது தேவைப்பட்டதில்லை. அதனால் அப்படி ஒன்று இருப்பதே எல்லாருக்கும் மறந்துவிட்டது. சனிக்கிழமையிலிருந்து அந்த மனிதர் இல்லை. அவருக்குப் பதில் அவருடைய முத்திரை மட்டும் வேலைக்கு வந்துகொண்டிருந்தது. அவர் இல்லை என்பதை அறுபது பேரில் ஒருத்தரும் கவனிக்கவில்லை, மூலையில் உட்கார்ந்து சதவீதம் போடுகிற ஒருத்தரைத் தவிர.

மருத்துவருக்குப் போன் போட்டோம், அடித்தது, எடுக்கவில்லை. வருஷா வருஷம் நாட்காட்டி அனுப்புகிற முகவரி வரவேற்பு மேஜையில் இருந்தது. பெட்டியும் எங்களோடு கிளம்பினார். நீங்கள் எதற்கு என்று எடிட்டர் கேட்டார்.

"பக்கத்தையெல்லாம் திருத்தினது நான்தான் சார். வந்து பேசிக்கலாம்" என்றார் பெட்டி. லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கினார்.

கார் கால் மணி நேரம் ஓடியது. ஜோக்கு ஒன்று தொண்டை வரை வந்து திரும்பிப் போய்விட்டது. நாலாவது மாடியில் பெயர்ப்பலகை இல்லாத கதவு. மணி அடித்தோம், தட்டினோம். பக்கத்துக் கதவு திறந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். பஸ் ஓட்டுகிறவர், யூனிஃபார்ம் சட்டையைப் பாதி மாட்டியிருந்தார். விஷயத்தைச் சொல்வதற்குள் அவர் உள்ளே போய் ஆணியிலிருந்து ஒரு சாவியை எடுத்து வந்தார்.

"ரெண்டு வாரம் முன்னாடி வந்து கதவைத் தட்டினார். நான் பக்கத்து வீடுன்னார். சாவியைக் கையில கொடுத்துட்டுப் போயிட்டார். எப்பத் திறக்கணும்னு அவரும் சொல்லலை, நானும் கேக்கலை."

பெட்டி அந்தச் சாவியை வாங்கினார். அண்ணியிடம் நீட்டினார், அண்ணி திறந்தார்.

உள்ளே வானொலியில் குறைந்த ஒலியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் அந்த நிறுவனத்தின் ஐந்து வருஷத்து நாட்காட்டிகளும் வரிசையாகத் தொங்கின. மேஜையில் ஒரு நீளக் கரண்டி, காம்பில் துணி சுற்றியிருந்தது. குளியலறைக் கதவு பாதி திறந்திருந்தது. அவர் தரையில் ஒருக்களித்துக் கிடந்தார். துண்டைப் போர்த்தியிருந்தார். கைக்கெட்டும் இடத்தில் ஒரு பாட்டில், அடியில் இரண்டு மடக்குத் தண்ணீர் மிச்சம். கண் திறந்துதான் இருந்தது.

நான் பாய்ந்து தூக்கப் போனேன். "தூக்காதீங்க, இடுப்பு எலும்பா இருக்கும். எங்க இணையப் பக்கத்துல அப்படித்தான் எழுதியிருக்கு" என்றார் பெட்டி. அண்ணி ஆம்புலன்ஸுக்கு போன் போட்டார்.

அவர் பெட்டியைப் பார்த்து யார் என்பது போல உதட்டை அசைத்தார். தன் பெயரைச் சொன்னால் டாக்டருக்கு என்ன புரியும் என்று பெட்டி யோசித்தார்.

"நான்தான், அந்த அடியில இருக்கிற பெட்டி" என்றார் கடைசியில்.

"உட்காருங்க. அண்ணாந்து பார்த்தா கழுத்து வலிக்குது" என்றார் டாக்டர். பெட்டி அந்த ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஆம்புலன்ஸ் வரும்வரை எழவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் விழுந்திருக்கிறார். இரண்டு நாளுக்கு மேல் அந்த ஒரு பாட்டில் தண்ணீர்தான் பிழைக்க வைத்தது என்று மருத்துவமனையில் சொன்னார்கள். ஆபரேஷன் முடிந்த நாலாவது நாள் நாங்கள் பார்க்கப் போனபோது எடிட்டரும் வந்திருந்தார். பழக்கூடையைக் கீழே வைத்தார். தானாக விழுகிற முத்திரையை எடுத்துவிட்டதாகச் சொன்னார். மனுஷன் வருத்தப்படுகிறார் என்று தெரிந்தது. ஆனாலும் விதி விதிதான் என்று ஆரம்பித்தார். மருத்துவர் பார்க்காத வரிகளை ஒருத்தர் ஐந்து மாதம் சேர்த்திருக்கிறார், அவரை வைத்துக்கொள்ள முடியாது. பெட்டி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஏதாவது தப்பாக இருந்தால் திருப்பி அனுப்பியிருக்கலாமே டாக்டர், எதற்காக அந்தப் பெட்டியில் போய் எழுதினீர்கள் என்று எடிட்டர் கேட்டார்.

"தப்பு ஒண்ணும் இல்லையே. எல்லாம் சரியாத்தான் இருந்தது. எனக்குத்தான் உதவலை" என்றார் டாக்டர். "ஒரு நாள் எழுதிப் பார்த்தேன். மறுநாள் வரி மாறியிருந்தது. யாரோ இருக்காங்கன்னு தெரிஞ்சது."

பிறகு, நீக்கிய வரிகள் எல்லாவற்றையும் திரும்பப் போடச் சொன்னார். கூட ஒரு வரி சேர்க்க வேண்டும் என்றார். சாவியைக் கொடுக்கும்போது, எப்போது திறக்க வேண்டும் என்பதையும் சொல்லி வையுங்கள் என்று. எடிட்டர், அதெல்லாம் நீங்கள் பரிசீலித்தால்தான் முடியும் என்று இழுத்தார்.

"இதுவரைக்கும் படிச்சுட்டு முத்திரை போட்டேன். இதை மட்டும் செஞ்சு பார்த்துட்டுப் போடறேன். அந்தக் கம்ப்யூட்டரைக் கொடுங்க."

எடிட்டர் தன் கம்ப்யூட்டரைத் திறந்து கட்டிலில் வைத்தார். நாற்பது பக்கம். டாக்டர் ஒவ்வொன்றாக அழுத்தினார். அறையில் அந்தச் சத்தம் மட்டும் கேட்டது. முடிந்ததும் எடிட்டர் பெட்டியைப் பார்த்து, திங்கட்கிழமை வந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியேறினார்.

திரும்பி வந்ததும் அண்ணி மேல்மாடிக்கு ஏறப் போனவர், பாதிப் படியில் நின்று என்னிடம் ஒரு சாவியை நீட்டினார். புதிதாக வெட்டியது, விளிம்பு இன்னும் கூராக இருந்தது.

"காலையில எட்டு மணிக்குள்ள நான் இறங்கலைன்னா திற" என்றார்.

வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். மறுநாள் கடைக்குப் போய் என் கதவுக்கும் ஒன்று வெட்டிக்கொண்டு வந்து அவர் கதவிடுக்கில் செருகினேன்.

பெட்டி திங்களன்று வேலைக்குப் போனார். அதே மூலை, அதே லிஃப்ட் சத்தம். சாயங்காலம் எங்களுக்குப் போன் செய்து, அன்று வந்த எண்ணூறில் ஒன்றை மட்டும் படித்துக் காட்டினார். நோயாளியைப் பார்க்கப் போகிறவர்களுக்கான பக்கம். அரை மணி நேரத்துக்கு மேல் இருக்க வேண்டாம், நோயாளி களைத்துப்போவார் என்று அதில் இருக்கிறதாம். அதன் அடியில்:

'இல்லை. அரை மணி போதாது. நன்றி.'

இதற்கு எந்தப் பக்கத்தைத் திருத்துவது என்று யோசித்தாராம். பிறகு கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாராம். மருத்துவமனை வாசலில் நின்றுதான் பேசுகிறேன் என்று சொல்லி போனை வைத்தார்.